சின்ன இருதயமும் சில்லறைக் காசும்



அக்கரப்பத்தனையின் தேயிலை மலைகளிலே பாடசாலை என்பது பெரும்பாலும் ஒரு மேட்டின் மீதே அமைந்திருக்கும். நல்ல நிலமெல்லாம் தேயிலைக்கும், சமதரையெல்லாம் தொழிற்சாலைக்கும் துரைமார் பங்களாவுக்கும் போனபின் எஞ்சிய இடம் அதுதானே! லயத்திலிருந்து இறங்கி, ஆற்றைக் கடந்து, மறுபடியும் ஏறி வரும் பிள்ளைகளுக்கு அந்த ஏற்றம் ஒரு பொருட்டன்று. பனிக்காலக் காலையிலும் பாதையெல்லாம் சிரிப்பொலி கேட்கும்.

1990களின் நடுப்பகுதியில், யான் இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில், மூன்றாம் வகுப்பிலே ஒரு சிறுமி இருந்தாள். அவள் மட்டும் பாதி வழியில் நின்றுவிடுவாள். நிற்பதும் அல்ல; முழங்கால்களை மார்போடு சேர்த்துக் குந்தியிருப்பாள். சிறிது நேரம் கழித்து எழுந்து இருபது அடி நடப்பாள், மீண்டும் குந்துவாள். மணி அடித்த பின்னரே வகுப்புக்கு வந்து சேருவாள். அவளைச் சோம்பேறி என்று கடிந்து கொண்டவர்களுள் யானும் ஒருவன். இதனை இன்று சொல்லிக் கொள்வதில் எனக்குப் பெருமையில்லை.

பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கென வந்த வைத்தியர் ஒருவர் அவளுடைய உதட்டையும் நகங்களையும் பார்த்தார். அவை நீலம் பாரித்திருந்தன. விரல் நுனிகள் முரசடிக்கும் கோலைப்போல் தடித்திருந்தன. ‘இந்தப் பிள்ளை வழியில் குந்தியிருப்பதுண்டா?’ என்று அவர் கேட்டபோது நாங்கள் திகைத்துப் போனோம். காணாததைக் கண்டவர்போல் அவர் கேட்டார். கண்டும் அறியாதவர்களாய் நாங்கள் நின்றோம்.

அந்தக் குந்துதலுக்கு ஒரு வரலாறு உண்டு. பிரான்சு தேசத்து மார்சேய் நகரில் வாழ்ந்த பலோ என்னும் வைத்தியர், 1888-ஆம் ஆண்டில், நீலம் பாரித்த நோயாளரின் இருதயத்திலே நான்கு குறைகள் ஒருங்கே அமைந்திருப்பதை விளக்கி எழுதினார். கீழறைகளுக்கு இடையே ஒரு துளை. நுரையீரலுக்குச் செல்லும் வாயில் ஒடுங்கியிருத்தல். பெருநாடி இடம் பெயர்ந்திருத்தல். வலது கீழறையின் சுவர் தடித்தல். இதனால் தூய்மை பெறாத குருதி நுரையீரலுக்குப் போகாது உடலெங்கும் பரவுகின்றது. பிள்ளை குந்தியிருக்கும்போது கால்களில் உள்ள நாடிகள் அழுத்தப்பட்டு, குருதி மீண்டும் நுரையீரலை நோக்கித் தள்ளப்படுகின்றது, மூச்சு இலேசாகின்றது. எந்த வைத்தியரும் கற்பியாமலே பிள்ளைகள் தாமே கண்டுபிடித்துக்கொள்ளும் வைத்தியம் இது.

பலோ விளக்கிய பின்னரும் அரைநூற்றாண்டுக்கு மேலாக இதற்குப் பரிகாரம் இருக்கவில்லை. இருதயத்தைக் கத்தி தீண்டலாகாது என்பதே சத்திரவைத்தியரிடையே வழங்கிய கொள்கை. 1938-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், பொஸ்டன் நகரச் சிறுவர் வைத்தியசாலையில் றொபர்ட் குறோஸ் என்னும் இளம் வைத்தியர், பிறந்தவுடன் மூடிக்கொள்ள வேண்டியதும் மூடாது நின்றதுமான ஒரு குழாயைக் கட்டி ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியைக் காப்பாற்றினார். கத்தி இருதயத்தின் வாயில்வரை வந்துவிட்டது.

நீலக் குழந்தைகளுக்கு விடிவு பிறந்தது பால்டிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில். அங்கே ஹெலன் டோசிக் என்னும் பெண் வைத்தியர் இருந்தார். அவருக்குக் காது மந்தம். ஆகவே பிள்ளைகளின் இருதயத் துடிப்பை விரல்களால் தொட்டே அறியப் பழகினார். நுரையீரலுக்கு வேறொரு வழியாகக் குருதியை அனுப்பினால் என்ன என்று அவர் கேட்ட கேள்விக்கு, அல்பிரட் பிளலொக் என்னும் சத்திரவைத்தியர் விடை தேடினார். அந்த விடையை ஆய்வுகூடத்தில் உருவாக்கியவர் விவியன் தோமஸ் என்னும் கறுப்பின இளைஞர். இவரைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். தச்சு வேலை செய்து, வைத்தியம் கற்பதற்கென இவர் சேர்த்து வைத்த பணம் 1930-ஆம் ஆண்டு வங்கி முறிந்ததில் அழிந்துபோயிற்று. கல்லூரிக்குப் போக வழியின்றி ஆய்வுகூட வேலையிலேயே தொடர்ந்தார். நெடுங்காலம் சுத்திகரிப்புத் தொழிலாளியின் தரத்திலேயே இவருக்குச் சம்பளம் வழங்கப்பட்டது. 1944-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள், பதினைந்து மாதம் நிரம்பிய, நாலு கிலோ அளவே நிறையுள்ள குழந்தைக்கு முதன்முதலாக அந்தச் சிகிச்சை நடந்தபோது, பிளலொக்குக்குப் பின்னால் ஒரு முக்காலியின் மீது நின்று, தையல் எங்கே, எந்தத் திசையில் என்று சொல்லிக்கொடுத்தவர் இவரே. 1976-இல் தான் அந்தப் பல்கலைக்கழகம் இவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்தது. பணமின்மையால் வைத்தியக் கல்லூரியின் வாயிலை மிதிக்க இயலாத ஒருவரின் கைத்திறத்தினாலே உலகின் எத்தனையோ பிள்ளைகள் மூச்சுப் பெற்றனர். என் மாணாக்கருக்கு யான் ஆண்டுதோறும் சொல்லும் கதை இது.

பணத்தின் கதைக்கு வருவோம். மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1951-ஆம் ஆண்டில் இருதய நோயாளருக்கெனத் தனி வைத்தியசாலை ஒன்று திறக்கப்பட்டது. அதன் பெயர் வரைட்டி கிளப் இருதய வைத்தியசாலை. வரைட்டி கிளப் என்பது நாடகக் கொட்டகை, திரைப்படக் கொட்டகை நடத்துவோர் சேர்ந்து அமைத்த சங்கம். பொழுதுபோக்குத் தொழிலில் இருந்தவர்கள் திரட்டிய பணம் அந்தக் கட்டடத்தின் அடித்தளமாயிற்று. அதே பல்கலைக்கழகத்தில் 1954-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வால்டன் லில்லெஹை என்பவர் ஓர் அரிய காரியம் செய்தார். குழந்தையின் இருதயத்தைத் திறந்து தைக்கும் வேளையில், குழந்தையின் குருதியைத் தந்தையின் உடலுக்குள் செலுத்தி, அவருடைய நுரையீரலே தூய்மை செய்து திருப்பி அனுப்புமாறு இரு உடல்களையும் குழாய்களால் இணைத்தார். இருதய – நுரையீரல் இயந்திரம் 1953-இலேயே ஜோன் கிப்பன் கையில் ஒருமுறை வெற்றி கண்டிருந்ததாயினும், அது இன்னும் நம்பத்தக்கதாய் இருக்கவில்லை. இவ்வாறு 45 பேருக்குச் சிகிச்சை நடந்தது. 28 பேர் பிழைத்து வீடு சென்றனர். முதற் குழந்தை பிழைக்கவில்லை. தந்தை படுத்திருந்த அந்த மேசையை நினைக்கும்தோறும், பிள்ளைக்காகப் பெற்றோர் எதனைக் கொடுக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றும்.

இனி, எங்கள் தோட்டத்துக்குத் திரும்புவோம்.

அந்தச் சிறுமிக்குக் கொழும்பில் சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்று முடிவாயிற்று. உடனே நாங்கள் பணம் சேர்க்கப் புறப்பட்டோம். ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு, நானும் இன்னோர் ஆசிரியரும் விடியற்காலையில் பிரட்டுக்களத்துக்குப் போய் நின்றோம். தோட்டத் தலைவர் இரண்டு வார்த்தை பேசினார். ஆளுக்கு அரைப்பேர்க் காசு என்று அங்கேயே தீர்மானமாயிற்று. சம்பள நாளன்று கொழுந்து மடுவத்தின் வாசலில் உட்கார்ந்து வாங்கினோம். கடைக்காரர் கொடுத்தார், கணக்கப்பிள்ளை கொடுத்தார். முதியவள் ஒருத்தி மாரியம்மன் திருவிழாவுக்கென முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, ‘பேரெல்லாம் எழுத வேணாங்க ஐயா’ என்று சொல்லிப் போனாள். கொப்பியில் அந்த வரி ஒரு தொகையோடும் பெயரின்றியும் இன்றும் இருக்கின்றது.

பின்னர்தான் எங்களுக்கு ஓர் உண்மை விளங்கிற்று. அரசாங்க வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை! வைத்தியரும் தாதியும் மருந்தும் மேசையும் இலவசம். அப்படியானால் நாங்கள் சேர்த்த பணம் எதற்காயிற்று? தலவாக்கலைக்குப் பஸ், அங்கிருந்து கொழும்புக்குப் புகையிரதம். பரிசோதனைக்கென நாலைந்து முறை போய்வரும் செலவு. வெளியில் எடுக்க வேண்டியிருந்த சில பரிசோதனைகள். தாய் வேலைக்குப் போகாத நாட்களின் கூலி. லயத்தில் விட்டு வந்த சின்னப் பிள்ளைகளின் சோறு. கொழும்பில் தங்க ஓரிடம். அது யுத்த காலம். தமிழர் எவராயினும் தலைநகரில் தங்குவதற்கு அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் வேண்டும். அந்தத் தாயிடம் அடையாள அட்டை இருக்கவில்லை. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எங்கள் மக்களுள் பலரை நாடற்றவராக்கிற்று என்பதையும், எஞ்சியோருக்கு வழி திறந்த சட்டம் 2003-இலேயே வந்தது என்பதையும் நேயர்கள் அறிவீர்கள். இருதயத்தில் ஒரு துளை என்றால், கடதாசியில் எத்தனை துளைகள்! அலுவலகம் ஒன்றில் பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழை என்று மூன்றுமுறை திருப்பி அனுப்பினார்கள். அந்த மூன்று பயணத்துக்கும் கொப்பிப் பணமே கைகொடுத்தது.

சிறுமி பிழைத்தாள். நெஞ்சிலே நீண்ட தழும்புடன் திரும்பி வந்து, பாடசாலை மேட்டை நிற்காமல் ஏறினாள். அன்று வகுப்புகள் நடக்கவில்லை என்பதை இப்பொழுது சொன்னால் கல்வித் திணைக்களம் என்மேல் குறை காணாது என்று நம்புகின்றேன்.

இதோடு கதையை முடித்திருந்தால் இனிதாக இருக்கும். ஆனால் மறுவருடமே அடுத்த டிவிசனில் ஒரு பையன் நோயுற்றான். அவனுடையது பிறவிக் குறையன்று. தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து, சில வாரத்தில் மூட்டுகள் வீங்கி, பின்னர் இருதயத்தின் கதவங்கள் பழுதடையும் வாதக் காய்ச்சல் என்னும் நோய். பத்தடி, பன்னிரண்டடிக் காம்பராவில் எட்டுப்பேர் நெருங்கிப் படுக்கும் இடங்களில் தொண்டைக் கிருமி ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எளிதாய்த் தாவும். ஆகவே இது வறியோரின் இருதய நோய் என்று உலகெங்கும் கருதப்படுகின்றது. நாங்கள் மறுபடியும் கொப்பியை எடுத்தோம். முதல் முறை கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்குகூடச் சேரவில்லை. மக்கள் கல்நெஞ்சர் ஆகிவிட்டனர் என்று எண்ணாதீர்கள். அவர்கள் சென்ற வருடம் கொடுத்துவிட்டார்கள். அந்த வருடம் கொழுந்தும் குறைவு. அவன் குடும்பமும் தோட்டத்துக்குப் புதிது. சிறுமியை ஊரெல்லாம் அறியும். பையனை அறிந்தவர் சிலரே. வைத்தியசாலையில் அவன் முறை வருவதற்கு முன்பே அவன் காலமானான்.

அன்றிலிருந்து என் மனத்தில் ஒரு கேள்வி நிலைத்துவிட்டது. ஒரு முகத்தைக் காட்டிப் பணம் கேட்டால் அந்த முகத்துக்குக் கிடைக்கும். அடுத்த முகத்துக்கு என்ன வழி?

முகம் காட்டிக் கேட்பதன் வலிமையை யான் மறுக்கவில்லை. 1975-ஆம் ஆண்டில் நியூ யோர்க்கிலுள்ள மன்ஹாசெட் றோட்டரிச் சங்கத்தார் உகண்டா நாட்டுச் சிறுமி ஒருத்தியை அழைத்து வந்து சிகிச்சை செய்வித்தனர்; அந்த ஒரு பிள்ளையிலிருந்து ‘கிப்ட் ஒவ் லைப்’ என்னும் உலகளாவிய இயக்கம் முளைத்தது. 2003-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், லாகூர் – டெல்லி பஸ் போக்குவரத்து மீண்டும் தொடங்கியவுடன், பாகிஸ்தானிலிருந்து ஒரு குழந்தை பெங்களூரின் நாராயண ஹிருதயாலயாவுக்கு வந்து நலம் பெற்றது. இந்திய மக்கள் பணமும் பொம்மைகளும் அனுப்பிக் குவித்தனர். அந்தப் பணத்தைப் பெற்றோர் வேறு ஏழைக் குழந்தைகளின் சிகிச்சைக்கென விட்டுச் சென்றதாக அந்நாளைய பத்திரிகைகள் எழுதின. இரண்டாவது பிள்ளையை நினைத்த பெற்றோர் அவர்கள்.

முகம் தெரியாத பிள்ளைக்கும் சேர்த்துத் திரட்டும் வழிகள் மெல்ல மெல்லவே தோன்றின. இலங்கையில் 1978-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கச் சட்டத்தினால் சனாதிபதி நிதியம் நிறுவப்பட்டது. வறியோரின் இருதய சத்திரசிகிச்சைக்கு உதவுவது அதன் பணிகளுள் ஒன்று. அந்த நிதியத்துக்கு வருமானம் தரும் ஊற்றுகளுள் முக்கியமானது அபிவிருத்தி லொத்தர் சபையின் இலாபம். லொத்தர்ச் சீட்டு வாங்குமாறு யான் எவருக்கும் ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனாலும் அக்கரப்பத்தனைக் கடைவீதியில், சம்பள நாளன்று சீட்டு வாங்கிக் கிழித்தெறியும் தொழிலாளியின் காசில் ஒரு சிறு பங்கு எங்கோ ஒரு பிள்ளையின் இருதயத்தைப் போய்ச் சேருகின்றது என்பதை மறைக்கவும் முடியாது. ஏழையே ஏழைக்குக் கொடுக்கின்றான், தான் கொடுப்பதை அறியாமலே.

தமிழகத்தில் 2008-ஆம் ஆண்டில் இளஞ்சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டம் என ஒன்று தொடங்கப்பட்டு, பிள்ளைகளின் இருதய அறுவைச் செலவை அரசே ஏற்றது. கேரளம் 2017-இல் ‘ஹிருத்யம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, இருதயக் குறையோடு பிறக்கும் குழந்தைகளைப் பதிவு செய்து, அவசரத்துக்கு ஏற்றவாறு வைத்தியசாலைக்கு அனுப்பும் ஒழுங்கை ஏற்படுத்திற்று. யாருக்கு யாரைத் தெரியும் என்பதை விட்டு, யாருக்கு அவசரம் என்று கேட்கும் ஒழுங்கு அது. எங்கள் பையனுக்கு அந்த ஒழுங்கு கிடைத்திருந்தால் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

எங்கள் நாட்டிலும் அத்தகைய முயற்சி ஒன்று நிகழ்ந்தது. ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் எட்டு, ஒன்பது குழந்தைகளுக்கு இருதயக் குறை இருக்கும் என்பது உலகெங்கும் பொதுவான கணக்கு. 2017-ஆம் ஆண்டளவில் இலங்கையில் வருடத்துக்கு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. அப்படியாயின் 2500-க்கும் குறையாத சின்ன இருதயங்கள். இவற்றுள் சில துளைகள் தாமே மூடிவிடும். எஞ்சியவை வைத்தியரின் கையை எதிர்பார்க்கும். கொழும்பு லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் வைத்தியர் திறமைக்குக் குறைவில்லை, கட்டணமும் இல்லை. குறைவாயிருந்தது இடம். சத்திரசிகிச்சைக் கூடமும், அதன்பின் பிள்ளையைக் கிடத்தும் தீவிர சிகிச்சைக் கட்டிலும் போதாமையால் வரிசை நீண்டது. வரிசையில் நிற்கும் காலத்தில் நோய் நிற்பதில்லையே! ஆகவே இலங்கைச் சிறுவர் நல வைத்தியர்களின் கல்லூரி, ‘லிட்டில் ஹார்ட்ஸ்’, அதாவது ‘சின்ன இருதயங்கள்’, என்னும் பெயரால், இருதய சிகிச்சைக்கும் தீவிர பராமரிப்புக்கும் தனிக் கட்டடத் தொகுதி ஒன்று அமைக்க, 200 கோடி ரூபாயைப் பொதுமக்களிடம் கேட்டது.

இதிலே யான் கண்ட புதுமை தொகையின் பெருமையில் இல்லை. அங்கே எந்தப் பிள்ளையின் படத்தையும் காட்டி, ‘இவனைக் காப்பாற்றுங்கள்’ என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கட்டிலுக்கும் கூடத்துக்கும் பணம் கேட்டார்கள். அந்தக் கட்டிலில் நாளை படுக்கப்போவது யாத்திரிகரின் பிள்ளையா, மீனவரின் பிள்ளையா, மலையகத்துத் தொழிலாளியின் பிள்ளையா என்பது கொடுப்பவருக்குத் தெரியாது. பத்திரிகையில் மகளின் படத்தைப் போட்டு, வங்கிக் கணக்கிலக்கத்தையும் எழுதி, நாணிக்கொண்டு நிற்கும் தந்தையின் வேதனை அங்கே இல்லை. அத்தகைய விளம்பரங்களுக்குப் படம் எடுத்துக்கொடுக்கத் துணை நின்றவன் என்ற முறையில் அந்த நாணத்தை யான் அறிவேன்.

மக்கள் காலால் நடந்தும் பணம் திரட்டிய காலம் இது. 2011-ஆம் ஆண்டில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்த ‘ட்ரெயில்’ நடைபவனி தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கும், 2016-இல் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி நடந்தது காலி, கராப்பிட்டியப் புற்றுநோய் வைத்தியசாலைக்கும் பணம் சேர்த்தன. நோய் வேறாயினும் முறை ஒன்றே. தெற்கின் காசு வடக்குக்கும், வடக்கின் கால் தெற்குக்கும் சென்றதை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

கட்டிலுக்குப் பணம் சேர்ந்தாலும், கட்டில்வரை வரும் பாதைக்கு யார் பணம் தருவார் என்பதே எங்கள் மலைகளில் இன்னும் எஞ்சி நிற்கும் பிரச்சினை. 2021-ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1000 ரூபாயாக உயர்ந்தபோது பெரும் வெற்றியெனப் பேசப்பட்டது. அந்தக் கூலியில் தாயும் பிள்ளையும் கொழும்பு சென்று இரண்டு நாள் தங்கித் திரும்பினால் எத்தனை நாளைய பேர் போகும் என்று ஐந்தாம் வகுப்பு மாணாக்கருக்குக் கணக்காகக் கொடுத்தேன். விடை சொன்ன பிள்ளை, ‘போகாமல் இருந்தால் மிச்சம், சேர்’ என்றது. தவறென்று கோடிட என் கை எழவில்லை.

ஆகவே எங்கள் பாடசாலையில் இப்பொழுது ஆள் பெயர் குறிக்காத ஒரு பெட்டி உண்டு. பெற்றோர் கூட்டத்தன்று அதில் விழும் சில்லறை, எந்தப் பிள்ளை வைத்தியசாலைக்குப் போனாலும் பஸ் கட்டணத்துக்கும் சோற்றுக்கும் போகும். யாருக்குப் போயிற்று என்று கூட்டத்தில் வாசிப்பதில்லை. கணக்கு மட்டும் வாசிப்போம். தொடக்கத்தில் சிலர் முணுமுணுத்தனர். இப்பொழுது இல்லை.

இரண்டு செய்திகளைச் சொல்லி அமைகின்றேன். வாதக் காய்ச்சல் ஒருமுறை வந்த பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டுவந்தால் இருதயம் மேலும் பழுதாகாமல் காக்கலாம்; பல ஆண்டுகள் இடைவிடாது போடவேண்டும். கொழுந்து மிகுந்த மாதம் என்று ஒரு தவணையைத் தள்ளிவிடாதீர்கள். மற்றது, சனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்க முன்போல் கொழும்புக்குப் போகவேண்டியதில்லை. 2025-ஆம் ஆண்டு முதல் பிரதேச செயலகங்களிலேயே விண்ணப்பத்தைக் கையளிக்க வழி செய்யப்பட்டுள்ளது. போகுமுன் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரையும், உங்கள் அடையாள அட்டையில் உள்ள பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் பாடசாலைக்கு வாருங்கள். கடிதம் எழுதித் தருகின்றோம். பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னரும் யான் அங்கேதான் இருப்பேன்.